ஒற்றைக் கினிப்பன்றி வளர்த்தால் சட்டமீறல்! தெரியுமா?

ஸ்விட்சர்லாந்தில் ஒரே ஒரு கினிப்பன்றியை வாங்கி வந்து தனியாக வளர்த்தால் அது சட்டமீறல்! 2008-இல் நடைமுறைக்கு வந்த அந்நாட்டு விலங்குப் பாதுகாப்பு விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. கூட்டமாக வாழப் பிறந்த பிராணியை அதன் சொந்த இனத் துணை இல்லாமல் அடைத்து வைக்கக் கூடாது. ஆகவே குறைந்தது இரண்டு.

சரி, அந்த இரண்டில் ஒன்று செத்துப்போனால்? மிஞ்சியதற்குத் துணையாக ஒரு குட்டி வாங்கலாம். அந்தக் குட்டி நடுவயதை எட்டுவதற்குள் பழையது போய்விடும். மறுபடி ஒன்று தனி. மறுபடி ஒரு குட்டி. இனிமேல் வளர்ப்பதில்லை என்று முடிவெடுத்த குடும்பம்கூட இதிலிருந்து வெளியே வர முடியாது. ஸூரிக் பக்கத்தில் ஒரு பெண்மணி இதற்கும் வழி கண்டுபிடித்தார். கினிப்பன்றியை வாடகைக்கு விடுவது! துணையிழந்த கிழட்டுக் கினிப்பன்றியின் கடைசிக் காலம்வரை ஒன்று வந்து உடனிருக்கும். அது கண்மூடியதும், வந்தது தன் பழைய கூட்டத்துக்கே திரும்பிப் போகும். வேறெந்தச் செல்லப்பிராணிக்காவது இப்படியொரு ஏற்பாட்டைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

ஏறத்தாழ ஒரு கிலோ எடையுள்ள உயிருக்கு இவ்வளவு அக்கறை எதற்கு என்று கேட்பவர்கள், ஜெர்மனியின் மியூன்ஸ்டர் பல்கலைக்கழகத்தில் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே நோர்பர்ட் சாக்ஸர் என்ற விலங்கியலாளரும் அவருடைய குழுவினரும் பல பத்தாண்டுகளாகக் கினிப்பன்றிகளின் குடும்ப வாழ்க்கையைக் கவனித்து வந்திருக்கிறார்கள். அவர்கள் செய்த ஒரு சோதனை இது. கூட்டத்தில் வாழும் ஓர் ஆணை எடுத்து, அது முன்பின் பார்த்திராத புதுக் கூண்டில் தனியாக விட்டார்கள். இரத்தத்தில் கார்டிசால் என்னும் பதற்ற ஹார்மோன் விறுவிறுவென்று ஏறியது. எதிர்பார்த்ததுதான். அடுத்து, அறிமுகமே இல்லாத ஒரு பெண்ணை உடன் விட்டார்கள். பதற்றம் பெரிதாகக் குறையவில்லை. அதே கூட்டத்தில் தினமும் கண்ணில் படுகிற, ஆனால் நெருக்கம் இல்லாத ஒரு பெண்ணை விட்டார்கள். அப்போதும் குறையவில்லை. கடைசியாக, அந்த ஆணோடு உறவு பூண்டிருந்த அதன் சொந்த ஜோடியை விட்டார்கள். கார்டிசால் ஏற்றம் வெகுவாக அடங்கிவிட்டது!

அதாவது யாரோ ஒருத்தி பக்கத்தில் இருந்தால் போதாது, அவளேதான் வேண்டும். நம் கையளவு பிராணி ஒன்று தன் துணையைக் கூட்டத்தில் பிரித்தறிந்து, அதன் அருகாமையில் மட்டும் நிம்மதி அடைகிறது. கினிப்பன்றியைப் பற்றி எனக்குத் தெரிந்த அத்தனை செய்திகளிலும் நான் முதலிடம் கொடுப்பது இதற்குத்தான்.

அந்தக் கூட்டங்களில் இன்னோர் அதிசயமும் தெரியவந்தது. எண்ணிக்கை குறைவாக இருக்கும்போது யார் பெரியவர், யார் அடுத்தவர் என்று நேர்க்கோட்டில் ஒரு வரிசை இருக்கும். கூட்டம் பெருகி நெரிசலானால் சண்டை பெருகும் என்றுதானே நினைப்போம்? இல்லை! கூட்டம் சின்னச் சின்னக் குடும்பங்களாகப் பிரிந்துகொள்கிறது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு தலைவன், அவனுக்கு நெருங்கிய சில பெண்கள். அடுத்தவன் உறவில் மற்றவன் தலையிடுவதில்லை. இந்த நாகரிகத்தை அவை பிறக்கும்போதே கொண்டு வருவதில்லை என்பதுதான் இன்னும் வியப்பு. பெரிய கூட்டத்தில், மூத்த ஆண்களின் மிரட்டலுக்குப் பணிந்து வளர்ந்த இளம் ஆணைப் புதுக் கூட்டத்தில் விட்டால் சண்டையில்லாமல் இடம் பிடித்துக்கொள்கிறது. மூத்தவர் யாரையும் பார்க்காமல் வளர்ந்ததை விட்டால் அடிதடி, பதற்றம். பெரியவர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டியதைக் கற்காமல் போனால் வாழ்நாள் முழுக்கத் தொல்லை!

கர்ப்பத்திலேயே குணம் உருவாகத் தொடங்கிவிடுகிறது, தெரியுமா? சினையாக இருக்கும் தாயின் கூட்டத்தில் துணைகளை அடிக்கடி மாற்றிக்கொண்டே இருந்தால், அது ஈன்ற பெண்குட்டிகள் ஆண்களின் நடை, உறுமல், துரத்தல் எல்லாவற்றையும் காட்டுகின்றன. ஆண்குட்டிகளோ வெகுநாள் குழந்தைத்தனத்திலேயே தங்கிவிடுகின்றன. மியூன்ஸ்டர் குழுவில் சில்வியா கைசர் இதைத் தொடர்ந்து ஆராய்ந்தவர். இதே இனத்தின் காட்டு உறவினரான கேவிகளைப் பீல்ஃபெல்ட் பல்கலைக்கழகத்தார் சோதித்தபோது, துணிச்சலான கேவி நாளைக்கும் துணிச்சலாகவே இருப்பதையும் கூச்சக்காரக் கேவி கூச்சமாகவே இருப்பதையும் கண்டார்கள். ஆளுமை என்ற சொல்லை விஞ்ஞானிகளே இந்தப் பிராணிகளுக்குத் தயங்காமல் பயன்படுத்துகிறார்கள்.

வளர்ப்பவர்களுக்கு இது புதுச் செய்தி அல்ல. ஒரே ஈற்றில் பிறந்த இரண்டில் ஒன்று, கூண்டுக் கம்பியைப் பிடித்து நின்று வருகிறவர் கையையெல்லாம் முகரும். மற்றொன்று பெட்டிக்குள்ளிருந்து மூக்கை மட்டும் நீட்டும். ஒன்றுக்குக் கொத்தமல்லித் தண்டுதான் உயிர். இன்னொன்று இலையை மட்டும் கிள்ளித் தின்றுவிட்டுத் தண்டை அப்படியே போட்டுவிடும். மடியில் கிடந்து தடவச் சொல்லிக் கேட்கும் கினிப்பன்றி உண்டு. தூக்கவே விடாமல், ஆனால் நாள் முழுக்க நம் பக்கத்திலேயே படுத்திருக்கும் கினிப்பன்றியும் உண்டு. இரண்டாவது வகையை அன்பில்லாதது என்று நினைத்துவிடக் கூடாது. அதன் அன்பு அப்படி.

குரலுக்கு வருவோம்! குளிர்பதனப் பெட்டியின் கதவு திறக்கும் ஓசை, பிளாஸ்டிக் பை சரசரக்கும் ஓசை, வீட்டுக்காரர் படியேறும் ஓசை இத்தனையும் அதற்குப் பாடம். கேட்டதும் ‘வீக்... வீக்...’ என்று வீடே அதிரக் கத்தும். வீட்டில் வளரும் கினிப்பன்றி இந்த விசிலைப் பெரும்பாலும் மனிதர்களை நோக்கித்தான் எழுப்புகிறது! தாயைப் பிரிந்த குட்டியும் விசில் அடித்துத்தான் தாயை அழைக்கும். வளர்ந்த பிறகு அந்த அழைப்பு சோறு போடுகிற மனிதர் பக்கம் திரும்புகிறது.

விசில் ஒன்றுதான் அதன் பேச்சு என்று எண்ண வேண்டாம். தடவும்போது தாழ்ந்த குரலில் ஒரு முரல். அதே முரல் சற்றுக் கூர்மையாக, உடல் விறைத்து வந்தால் ‘போதும், விடு’ என்று பொருள். ஆண், இடுப்பை ஆட்டி ஆட்டி மெல்ல நடந்தபடி அடித்தொண்டையில் உறுமினால் காதல். பற்களைக் கடகடவென்று நறநறத்தால் கோபம். அப்போது முறைத்துக்கொள்ளும் இரண்டுக்கும் நடுவில் வெறுங்கையை நீட்டக் கூடாது. உலாவும்போது ‘சட், சட்’ என்று தனக்குத்தானே சின்னச் சின்னதாகப் பேசிக்கொண்டே போகும். இவை எல்லாவற்றையும்விட அபூர்வமானது ஒன்று உண்டு. சில வேளைகளில் ஒரு கினிப்பன்றி அசையாமல் நின்று, ஏதோ மயக்கத்தில் இருப்பதைப்போலப் பறவைக் குரலில் கிரீச்சிட்டுப் பாடும். மற்றவை அப்படியே உறைந்து நின்று கேட்கும். ஏன் பாடுகிறது? விஞ்ஞானம் இன்னும் விடை சொல்லவில்லை. பல ஆண்டுகள் வளர்த்தும் இதை ஒருமுறைகூடக் கேட்காதவர்கள் ஏராளம்.

இவ்வளவு பேசுகிற பிராணிக்குக் காது எப்படி இருக்கும்? நம் உட்செவியில் உள்ள நத்தைச்சுருள் இரண்டரைச் சுற்றுக்குச் சற்று மேல். கினிப்பன்றிக்கு ஏறத்தாழ நான்கு சுற்று! நமக்குக் கேட்கவே கேட்காத உயர்ந்த ஒலிகள் அதற்குக் கேட்கும். செவியின் உள்ளே ஒலி எப்படி அலையாக ஓடுகிறது என்று காட்டி 1961-இல் நோபல் பரிசு பெற்ற கியார்க் வான் பேக்கேஷி, கினிப்பன்றியின் செவியையும் ஆராய்ந்தவர்தான். தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் கூண்டை வைக்காதீர்கள் என்று சொல்வதன் காரணம் இந்தக் காதுதான்.

மகிழ்ச்சி வந்தால் என்ன செய்யும் தெரியுமா? நின்ற இடத்திலேயே சட்டென்று எம்பி, அந்தரத்தில் உடலை முறுக்கி, தலை ஒரு பக்கமும் பின்பகுதி மறுபக்கமுமாக உதறி விழும். மறுபடி எம்பும். வாணலியில் சோளம் பொரிவதைப் பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம்; உலகெங்கும் இதற்கு ‘பாப்கார்ன்’ என்றே பெயர். குட்டிகள் ஒன்று துள்ளத் தொடங்கினால் மற்றவையும் தொற்றிக்கொண்டு துள்ளும். புதுப் புல் போட்ட நாளில், கூண்டைச் சுத்தம் செய்து முடித்த நொடியில் இந்தக் கூத்தைப் பார்க்கலாம்.

பயம் வந்தால் நேர்மாறு. கல்லாகிவிடும். அதன் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் தன்னைச் சுற்றி ஏறக்குறைய முழு வட்டத்தையும் பார்க்கும். மூக்கின் நேர்முன்னால் இருப்பது மட்டும் சரியாகத் தெரியாது! மேலிருந்து ஒரு நிழல் விழுந்தால் பருந்து என்றே அதன் உடம்பு முடிவெடுக்கும். அதனால்தான் தலைக்கு மேலிருந்து கையை இறக்கித் தூக்கக் கூடாது. தரையோடு கையைக் கொண்டுபோய், மார்புக்கு ஒரு கை, பின்புறத்துக்கு ஒரு கை கொடுத்து நெஞ்சோடு அணைத்து எடுக்க வேண்டும். மேசை உயரத்திலிருந்து விழுந்தாலே கால் முறியலாம். ஆழத்தை அளக்க அந்தக் கண்ணுக்குத் தெரியாது.

பிறப்பைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். எலி மூன்று வாரத்தில் ஈனும். குட்டிகள் கண் திறக்காமல், மயிரில்லாமல் சிவந்து கிடக்கும். கினிப்பன்றி சுமக்கும் காலம் 59 முதல் 72 நாள்! குட்டி பிறக்கும்போதே முழு உரோமம், திறந்த கண், கேட்கும் காது, நிற்கும் கால். பாற்பல் விழுவது மனிதக் குழந்தைக்கு ஆறு வயதில். கினிப்பன்றிக்குத் தாயின் வயிற்றுக்குள்ளேயே பாற்பல் முளைத்து மறைந்தும்விடுகிறது. நிலைத்த பற்களோடுதான் அது வெளியே வருகிறது. பிறந்த முதல் நாளிலேயே புல்லைக் கொறிக்கும். இவ்வளவு முற்றிப் பிறக்கும் குட்டிகளைச் சுமப்பது தாய்க்கு லேசான வேலையா? இடுப்பெலும்பின் முன்மூட்டு பிரசவத்தின்போது நெகிழ்ந்து அகல வேண்டும். ஏழெட்டு மாதத்துக்குமேல் முதல்முறையாகச் சினைப்படும் பெண்ணுக்கு அந்த மூட்டு இறுகிவிட்டிருக்கும். பிரசவம் உயிருக்கே ஆபத்தாகலாம். ‘ஒரு தடவை குட்டி போடட்டுமே’ என்று விளையாட்டாக முடிவெடுக்க வேண்டாம் என்று நான் மன்றாடிக் கேட்பேன்.

முன்னங்காலில் நான்கு விரல், பின்னங்காலில் மூன்று, வால் இல்லை. மொத்தம் 20 பற்கள், இருபதும் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும்! அவற்றைத் தேய்ப்பது புல்தான். கடைகளில் கிடைக்கும் உருண்டைத் தீவனத்தை மட்டும் போட்டால் பல் தேயாமல் வளர்ந்து, நாக்கை மூடி, சாப்பிடவே முடியாமல் பட்டினியில் சாகும். காய்ந்த புல் நாள் முழுக்கக் கூண்டில் இருந்தாக வேண்டும். டிமோத்தி என்னும் காய்ந்த புல்லின் விலை அதிகம் என்பவர்கள், நன்றாகக் கழுவிய அருகம்புல்லைத் தாராளமாகக் கொடுக்கலாம். நெல் வைக்கோல் அதற்கு ஈடாகாது. அதில் சத்து போதாது. குதிரைமசால் குட்டிக்கும் சினையானதற்கும் நல்லது. வளர்ந்ததற்குத் தினமும் கொடுத்தால் அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து சிறுநீர்ப்பையில் கல்லாகப் படியும். தன் எச்சத்தில் ஒருவகையைத் திரும்ப எடுத்துத் தின்பதைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். குடலில் நுண்ணுயிர்கள் ஆக்கிய பி வைட்டமின்களை அது அப்படித்தான் பெறுகிறது.

பி வைட்டமின் சரி, சி வைட்டமின்? இங்கேதான் கினிப்பன்றி நம் இரத்த சொந்தம்! நாய், பூனை, ஆடு, மாடு, எலி எல்லாம் தம் உடம்பிலேயே சி வைட்டமினைத் தயாரித்துக்கொள்ளும். நமக்கு முடியாது. கினிப்பன்றிக்கும் முடியாது. 1907-இல் நார்வேயில் ஆக்ஸெல் ஹோல்ஸ்ட், தியோடர் ஃப்ரோலிஹ் என்ற இருவர், கப்பல் மாலுமிகளைத் தாக்கிய பெரிபெரி நோயை விலங்கில் உண்டாக்கிப் பார்க்க நினைத்தார்கள். கினிப்பன்றிகளுக்கு வெறும் தானியத்தைப் போட்டார்கள். பெரிபெரி வரவில்லை. ஈறு வீங்கி, இரத்தம் கசிந்து ஸ்கர்வி வந்தது! மனிதனைத் தவிர வேறு விலங்குக்கும் ஸ்கர்வி வரும் என்று உலகம் அறிந்தது அன்றுதான். முட்டைக்கோஸும் எலுமிச்சைச் சாறும் கொடுத்தால் அது மறைகிறது என்று சோதித்துப் பார்க்க வழி பிறந்தது. சி வைட்டமினின் கதை இந்தச் சின்னப் பிராணியின் முதுகில் ஏறித்தான் முன்னேறியது.

வீட்டிலுள்ளதற்கு நாளொன்றுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் போதும். ஒரு துண்டு குடைமிளகாய், வாரத்தில் சில நாள் விரல்நுனி அளவு கொய்யா. தீவனப் பையில் சேர்த்திருக்கும் சி வைட்டமின் மாதங்கள் செல்லச் செல்ல வீரியம் இழக்கும். முயல் தீவனத்திலோ அது சேர்க்கப்படுவதே இல்லை! ‘முயலும் இதுவும் ஒன்றுதானே’ என்று ஒரே தீவனம் போடுவது மெல்லக் கொல்வதற்குச் சமம். ஒரே கூண்டில் விடுவதும் தவறு. முயலின் ஓர் உதை அதன் எலும்பை முறிக்கும். முயலுக்கு ஒன்றும் செய்யாத கிருமி இதற்கு நுரையீரல் காய்ச்சலைக் கொண்டுவரும். இரண்டுக்கும் பேச்சும் வேறு. முயல் அதற்குத் துணை ஆகாது. வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு கூடவே கூடாது.

வீட்டிலிருக்கும் மாத்திரையை உடைத்துக் கொடுப்பவர்கள் கவனிக்க! பென்சிலின் வகை மருந்துகள் கினிப்பன்றிக்கு விஷம். குடலிலுள்ள நல்ல நுண்ணுயிர்களை அழித்து அதையே கொன்றுவிடும். 1940 மே 25 அன்று ஆக்ஸ்ஃபோர்டில் ஹோவர்ட் ஃப்ளோரியின் குழு பென்சிலினை முதன்முதலாக நோயுற்ற விலங்குகளுக்குச் செலுத்தியபோது தேர்ந்தெடுத்தது சுண்டெலிகளை. அன்று கினிப்பன்றிகளை எடுத்திருந்தால்? மருந்தே நஞ்சு என்று முடிவுகட்டி மூடி வைத்திருப்பார்களோ என்னவோ! நினைத்தாலே உடல் சிலிர்க்கிறது.

கினிப்பன்றிகள் எங்கிருந்து வந்தன? தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைகளிலிருந்து. ஆறேழாயிரம் ஆண்டுகளாக அங்கே மனிதரோடு ஒரே கூரையின் கீழ் வாழ்கின்றன. அங்கே ‘கூய்’ என்பார்கள். அடுப்பங்கரைத் தரையில் சுதந்திரமாக ஓடித் திரியும். விருந்தென்றால் இலையிலும் பரிமாறப்படும். புதுமணத் தம்பதிக்குச் சீராகக் கொடுப்பார்கள். நாட்டு வைத்தியர் கறுப்புக் கூயை நோயாளியின் உடம்பெல்லாம் தடவி நோயைக் கண்டறிவார். குஸ்கோ பேராலயத்தில் மார்க்கோஸ் சபாட்டா வரைந்த இயேசுவின் கடைசி இராவுணவு ஓவியத்தில், நடுத் தட்டில் இருப்பது கூய் என்றே ஊரார் காட்டுவார்கள்!

பெருவின் தென்கரையில் தம்போ வியெஹோ என்ற இன்கா காலக் குடியிருப்பைத் தோண்டியபோது கிடைத்தவற்றைக் கேளுங்கள். பலியிட்டுப் புதைத்த கினிப்பன்றிகள் ஏராளம். வறண்ட மண் அவற்றை உரோமத்தோடு அப்படியே காத்து வைத்திருந்தது. சிலவற்றின் காதில் வண்ண நூல் தோடு! கழுத்தில் வண்ண நூல் மாலை! தெய்வத்துக்கு அனுப்பும் உயிரை அலங்கரித்தே அனுப்பியிருக்கிறார்கள்.

ஸ்பானியர்கள் கப்பலேற்றி ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனதும் அதன் வாழ்க்கை மாறியது. 1554-இலேயே ஸூரிக் அறிஞர் கொன்ராட் கெஸ்னர் அதைப் பற்றி எழுதிவிட்டார். 1580-ஐ ஒட்டி இங்கிலாந்தில் வரைந்த ஓவியம் ஒன்றில், பட்டுடை உடுத்த சிறுமி ஒருத்தி மூவண்ணக் கினிப்பன்றியைக் கையில் ஏந்தி நிற்கிறாள். செல்லப்பிராணியாகக் கினிப்பன்றியைக் காட்டும் மிகப் பழைய ஓவியங்களில் அது ஒன்று. பீட்டர் ராபிட் கதைகளைப் படைத்த பீட்ரிக்ஸ் பாட்டர் 1893-இல் படம் வரைய அண்டை வீட்டுக் கினிப்பன்றியை இரவல் வாங்கினார். எலிசபெத் ராணி என்பது அதன் பெயர். அது மையொற்றுத் தாள், அட்டைப்பெட்டி, கயிறு எல்லாவற்றையும் தின்று மறுநாளே செத்துப்போயிற்று. அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டின் பிள்ளைகள் தம் கினிப்பன்றிகளுக்குத் தளபதி, பாதிரியார் பெயர்களாகவே வைத்தார்கள். ‘ஃபாதர் ஓ’க்ரேடி குட்டி போட்டிருக்கிறார்!’ என்று பிள்ளை ஓடிவந்து சொன்ன கதை அந்த வீட்டில் பிரசித்தம்.

அறிவியலுக்கு அது செய்தது தனிப் புத்தகம். ஒன்றிரண்டு மட்டும். 1782-83 குளிர்காலத்தில் பாரிஸில் லவாய்ஸியரும் லாப்லாஸும் பனிக்கட்டி சூழ்ந்த பாத்திரத்துக்குள் ஒரு கினிப்பன்றியை வைத்து, அதன் உடற்சூட்டில் எவ்வளவு பனி உருகுகிறது என்று அளந்தார்கள். மூச்சுவிடுவதும் மெதுவாக எரிவதே என்ற பேருண்மை அப்படித்தான் தெளிந்தது. 1961 மார்ச் 9 அன்று, ககாரின் பறப்பதற்கு 34 நாள் முன்னால், செர்னுஷ்கா என்ற நாயோடு ஒரு கினிப்பன்றியும் சோவியத் விண்கலத்தில் பூமியைச் சுற்றி உயிரோடு திரும்பியது!

இத்தனை ஆயிரம் ஆண்டு மனித வாசத்தில் அது மந்தமாகிவிட்டதா? மூளை காட்டு உறவினருடையதைவிடச் சற்றுச் சிறிதானது உண்மை. ஆனால் மியூன்ஸ்டரில் இரண்டையும் நீர்த்தொட்டியில் நீந்தவிட்டு, மறைந்திருக்கும் மேடையைத் தேடச் செய்தபோது வீட்டுக் கினிப்பன்றியே விரைவாகக் கற்றது. அது பதறுவதும் குறைவு, கடிப்பதும் குறைவு, தோழமை அதிகம். நம்மோடு வாழ்வதற்கென்றே அதன் குணம் மெல்ல மெல்ல உருமாறியிருக்கிறது.

அந்தத் தோழமை ஒரு குழந்தைக்கு என்ன செய்யும் தெரியுமா? ஆஸ்திரேலியாவில் மார்கரீட் ஓஹேரும் குழுவினரும் 2013-இல் வெளியிட்ட ஆய்வைச் சொல்லாமல் இருக்க முடியாது. 5 முதல் 13 வயதுவரை உள்ள, ஆட்டிசம் கொண்ட பிள்ளைகளை வகுப்புத் தோழர்களோடு உட்காரவைத்தார்கள். முதலில் பொம்மைகள், பிறகு இரண்டு கினிப்பன்றிகள். பொம்மையோடு இருந்ததைவிடக் கினிப்பன்றியோடு இருந்தபோது அந்தப் பிள்ளைகள் அதிகம் பேசினார்கள், மற்றவர் முகத்தை அதிகம் பார்த்தார்கள், சிரித்தார்கள். அழுகையும் சுணக்கமும் குறைந்தன. பின்னர் மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டித் தோலின் மின்கடத்தலை அளந்தபோதும் அதுவே தெரிந்தது. மற்றப் பிள்ளைகள் நடுவே எப்போதும் பதற்றத்தில் இருந்த உடம்பு, கினிப்பன்றியோடு இருந்தபோது தணிந்தது. பேசாத, தீர்ப்புச் சொல்லாத, மெல்லிய சூடுள்ள ஒரு சின்ன உடம்பு! ஸ்விட்சர்லாந்தின் பேசல் நகரில், மூளையில் அடிபட்டு மீண்டு வருபவர்களுக்கான மறுவாழ்வு மையத்திலும் கினிப்பன்றிகள் சிகிச்சையில் துணைநிற்கின்றன.

நம் ஊரில் வளர்ப்பவர்களுக்கு ஒன்று மிக முக்கியம்: வெயில்! மலைக்குளிரில் உருவான உடம்பு இது. வியர்த்துச் சூட்டைத் தணிக்கத் தெரியாது. 28 டிகிரியைத் தாண்டினாலே கவனம் வேண்டும். சித்திரை வெயிலில் மொட்டை மாடியிலோ வெயில் விழும் பால்கனியிலோ கூண்டை வைத்தால் ஒரே பகலில் இழந்துவிடுவீர்கள். வீட்டிலேயே குளிர்ந்த அறை, தரையில் ஒரு மார்பிள் துண்டு, பக்கவாட்டில் சாய்த்த மண்தொட்டி, துணி சுற்றிய உறைநீர்ப் பாட்டில் இவை உயிர் காக்கும். அடியில் கம்பிவலை உள்ள கூண்டு வேண்டாம், பாதம் புண்ணாகும். இரண்டுக்குக் குறைந்தது ஏழெட்டுச் சதுர அடித் தரை வேண்டும். உயரத்தைவிட அகலம்தான் அதற்குத் தேவை. நோயை அது கடைசிவரை மறைக்கும், ஏனெனில் காட்டில் நோஞ்சானாகத் தெரிந்தால் சாவு. ஆகவே வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் எடை பாருங்கள். அரை நாள் சாப்பிடாமல் இருந்தாலே கால்நடை மருத்துவரிடம் ஓட வேண்டும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் ஐந்து முதல் எட்டு ஆண்டு இருக்கும். இங்கிலாந்தின் நாட்டிங்காம்ஷயரில் ஸ்னோபால் என்ற ஒன்று கிட்டத்தட்ட 15 ஆண்டு வாழ்ந்து 1979-இல் இறந்தது, கின்னஸ் சாதனை!

கடைக்குப் போகும் முன் கடைசியாக ஒன்று. இரண்டு பெண்கள் ஒத்துப்போகும். கூடப்பிறந்த இரண்டு ஆண்கள் பெரும்பாலும் ஒத்துப்போகும். விதைநீக்கம் செய்த ஓர் ஆணும் ஒன்றிரண்டு பெண்களும் இருந்தால் மிக நல்ல குடும்பம். முன்பின் தெரியாத இரண்டு பெரிய ஆண்கள் மட்டும் வேண்டவே வேண்டாம். ஆணா பெண்ணா என்று கடைக்காரர் சொன்னதை அப்படியே ஏற்காமல் மருத்துவரிடம் காட்டி உறுதி செய்யுங்கள். பெண்குட்டி நான்கு வாரத்திலேயே சினைப்படும் பருவத்தை எட்டிவிடக்கூடும். கடையில் ஒன்றாக அடைத்து வைத்திருந்தால் வீட்டுக்கு வரும்போதே வயிற்றில் குட்டி இருக்கலாம். இரண்டு என்று எண்ணி வாங்கியவர் இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் கூண்டைத் திறந்தால் ஐந்து இருக்கும்! அப்படி நேர்ந்தால் தாயிடம் இருப்பவை இரண்டே மடிக்காம்புகள் என்பதையும், ஈன்ற சில மணி நேரத்திலேயே அது மறுபடி சினைப்படக்கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள். உடனிருப்பது ஆண் என்றால் உடனே பிரித்து வையுங்கள். பிறந்த ஆண்குட்டிகளை மூன்றாம் வாரம் முடிந்ததும் தாயிடமிருந்தும் அக்கா தங்கைகளிடமிருந்தும் எடுத்து, தனியே அல்ல, அப்பா வீட்டில் இருந்தால் அதனிடம் கொண்டுபோய் விடுங்கள். பெரியவர்களோடு எப்படிப் பழகுவது என்று அது கற்றுக்கொடுக்கும்.